நிவியின் இதயத்தைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்

தினேஷ்,

போன ஞாயிற்றுக்கிழமை, நிவியின் இதயத்தை ஒருதரம் காட்டலாமே என்றதற்கு, போனில் நீ என்னிடம் பேசியது மொத்தம் மூன்று வாக்கியம். "மாத்திரை குடுத்துட்டுதான் இருக்கோம். காய்ச்சல் வந்து ஒன்றரை வருஷம் ஆச்சு. இதுக்கு மேல அவ நெஞ்சுல என்னாத்த தேடறது, வுடுங்க." போனை வைத்துவிட்டாய். உன் ஆபரேஷனுக்குப் பிறகு நீ என்னிடம் பேசியதிலேயே இதுதான் நீளமான பேச்சு. எனக்குக் கோபம் வரவில்லை. ஏனென்றால் அந்த மூன்று வாக்கியமும் என்னுடையவை. பதினேழு வருஷத்துக்கு முன்னால், பெங்களூரில் ஒரு டாக்டரம்மாவின் அறையில், உன்னைப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துக்கொண்டு கிட்டத்தட்ட இதே சொற்களை நான் சொன்னேன். என் மூக்கு உனக்கு வந்திருக்கிறது, என் முன்கோபம் வந்திருக்கிறது. இந்த வாயும் வந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

மாதக் கடைசியில் நீ மஞ்சுவையும் என் பேத்தி நிவியையும் கூட்டிக்கொண்டு புனேவுக்குப் போகிறாய். கம்பெனி உன் செக்‌ஷனையே அங்கே மாற்றுகிறது. போகாதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. நேரில் பேசலாம் என்றால், நீ இங்கே வரும்போது நான் ஹாலுக்குள் நுழைந்தால் எழுந்து வாசலுக்குப் போகிறாய். நான் வாசலுக்கு வந்தால் உனக்கு உடனே கடையில் ஏதோ வாங்க வேண்டியிருக்கிறது. வாட்ஸப்பில் அனுப்பினால் நீலக்கோடு விழுவதே இல்லை. அதனால் இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டைத் தவிர வாழ்க்கையில் வேறெதுவும் எழுதாத கையால் இதை எழுதுகிறேன். உன் அம்மா கொண்டுவந்து உன் கையில் கொடுப்பாள். இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, நான் உன்னிடம் மறைத்தது. இன்னொன்று, உனக்குத் தெரியாமல் இந்த மாதம் நான் செய்தது. முதலாவதைப் படித்ததும் இதைக் கிழித்துப் போடத் தோன்றும். இரண்டாவதையும் படித்துவிட்டுக் கிழி.

உனக்கு நாலு வயசிலிருந்து காய்ச்சல் வந்தது. மூன்று வாரத்துக்கு ஒருதரம், சில சமயம் நாலு வாரம். திடீரென்று உடம்பு கொதிக்கும், வயிறு பலகை மாதிரி இறுகும், முட்டி வீங்கும், தொட்டால் அலறுவாய். மூன்றாம் நாள் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து தெருவில் கிரிக்கெட் ஆடப் போய்விடுவாய். அந்த மூன்றாம் நாள்தான் உனக்கு எதிரியாக இருந்தது. நேற்று வரை செத்துப் பிழைத்தவன் இன்று பேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினால் யார் நம்புவார்கள்? ஸ்கூலில் டெஸ்ட் வந்தால் காய்ச்சல் வருகிறது என்று டீச்சர் சொன்னார். நான் டீச்சரை நம்பினேன். மூன்றாம் வகுப்பு கணக்குப் பரீட்சை அன்று காலையில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்த உன்னை பெல்ட்டால் அடித்தேன். உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்கும் தைரியம் எனக்கு இன்று வரை வரவில்லை. எனக்கு ஞாபகம் இருக்கிறது. அடித்த இடத்தை விட்டுவிட்டு வயிற்றையே பிடித்துக்கொண்டிருந்தாய். அதைப் பார்த்தாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அடுத்த வருஷம் ஓசூரில் ஒரு நர்சிங் ஹோமில் குடல்வால் என்று சொல்லி வயிற்றைத் திறந்தார்கள். எடுத்துத் தட்டில் வைத்துக் காட்டினார்கள், பெரிய சாதனை மாதிரி. சரியாக இருபத்தைந்தாம் நாள் அதே காய்ச்சல், அதே வயிற்று வலி. "அதான் எடுத்தாச்சே, அப்புறம் எப்படி வலிக்கும்?" என்று அந்த டாக்டர் உன்னையே கேட்டார். ஒன்பது வயசுப் பிள்ளையிடம். பேரிகையிலிருந்து என் அக்கா வந்து, யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள் என்று ஒரு தாயத்தைக் கட்டிவிட்டுப் போனாள். உன் அம்மா மட்டும் காலண்டரில் ஒவ்வொரு காய்ச்சலுக்கும் பேனாவால் ஒரு சுழி போட்டுக்கொண்டே வந்தாள். "மாமா, இது தேதி வெச்சிக்கினு வருது, பெரிய எடத்துல காட்டலாம்" என்று அவள் ஒரு வருஷம் சொன்ன பிறகுதான் பெங்களூருக்குப் போனோம். நோயைக் கண்டுபிடித்தது அவள்தான். பெயரை மட்டும்தான் டாக்டர் சொன்னார்.

அந்த டாக்டரம்மா கன்னடமும் தமிழும் கலந்து பேசினார். காலண்டரைப் பார்த்தார். பிறகு ஒரு தாளில் வட்டமும் சதுரமும் போட்டு நம் குடும்பத்தை வரைய ஆரம்பித்தார். "உங்க மதுவே, அதான் கல்யாணம், சொந்தத்துலயா ஆச்சு?" என்றார். நான் பெருமையாக, "அக்கா மகள்தாங்க, வேற எங்க போறது?" என்றேன். எனக்கும் உன் அம்மாவுக்கும் நடுவில் ஒரு கோடு போட்டிருந்தவர், அதன் பக்கத்திலேயே இன்னொரு கோடு போட்டார். சொந்தத்தில் கட்டியவர்களுக்கு இரட்டைக் கோடாம். பிறகு விளக்கினார். இது கிருமியால் வரும் காய்ச்சல் இல்லை, வம்சத்தில் வருவது. உடம்பு காரணமே இல்லாமல் தன்னையே எதிரியாக நினைத்துத் தீ வைத்துக்கொள்ளும். வயிற்றின் உறை, மூட்டு, நுரையீரலின் உறை, இதயத்தின் உறை, எங்கே வேண்டுமானாலும் பற்றும். தாய் பக்கம், தகப்பன் பக்கம், இரண்டிலும் அந்தக் குறை இருந்தால்தான் பிள்ளைக்கு வரும். ஒரு பக்கம் மட்டும் என்றால் பிள்ளை அதைச் சும்மா சுமந்துகொண்டிருக்கும், நோய் வராது. தினமும் மாத்திரை, ஒரு நாள் விடக் கூடாது. பிள்ளையின் எடை ஏற ஏற மாத்திரையின் அளவைப் பார்த்து மாற்ற வேண்டும். வருஷத்துக்கு ஒருதரம் இதயத்தைப் பார்க்க வேண்டும்.

இதயம் எதுக்கு, வயித்து வலிக்குத்தானே வந்தோம் என்று கேட்டேன். அவர் பொறுமையாகவே சொன்னார். காய்ச்சல் இல்லாத நாளிலும் உள்ளே கொஞ்சம் புகைந்துகொண்டே இருக்கும். சில பிள்ளைகளுக்கு அது இதயத்தைத் தொடும். தொட்டது வெளியே தெரியாது. பிள்ளை ஓடும், ஆடும். ஈசிஜி எடுத்தால் சரியாக வரும். சாதாரண எக்கோவில் பார்த்தாலும் சரியாக வரும். இதயச் சதை எவ்வளவு சுருங்குகிறது, எவ்வளவு வேகமாகத் தளர்கிறது என்று அதே எக்கோவில் தனியாக அளந்து, போன வருஷத்து அளவோடு வைத்துப் பார்த்தால்தான் மாற்றம் பிடிபடும். அந்தச் சமயத்தில் பிடித்தால் மருந்திலேயே சமாளிக்கலாம். விட்டால் பிறகு கத்திதான். இதை விடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது. நான் புரியாத ஆள் என்று நீ எனக்குச் சலுகை கொடுத்துவிடாதே.

எனக்குப் புரிந்தது. மற்றவர்களை விட நன்றாகவே புரிந்தது. முப்பத்தொரு வருஷம் என் வேலையே அதுதானே. கம்பெனியில் ஒரு ஷாஃப்ட்டின் அளவு லிமிட்டுக்குள் இருந்தாலும், காலையில் ஒரு அளவு, மத்தியானம் கொஞ்சம் குறைவு, சாயந்திரம் இன்னும் குறைவு என்று ஒரே பக்கமாக நகர்ந்தால் அங்கேயே மெஷினை நிறுத்துவேன். "சார், எல்லாம் லிமிட்டுக்குள்ளதான இருக்கு" என்று ஆபரேட்டர் கெஞ்சுவான். "இன்னைக்கு உள்ள இருக்கு, நாளைக்கு வெளிய போவும், அப்ப ஆயிரம் பீஸ் போயிருக்கும்டா" என்று அவனைத் திட்டி, டூலை மாற்ற வைத்த பிறகுதான் லைனை ஓட விடுவேன். அதற்காக எனக்கு ஒரு கேடயம் கூடக் கொடுத்தார்கள். உன் பத்து வயசில் ஒரு ரிப்போர்ட், பதினொன்றில் ஒன்று, பன்னிரண்டில் ஒன்று. மூன்றையும் டாக்டரம்மா மேஜையில் வரிசையாக வைத்தார். "இப்ப நார்மல்தான். ஆனா கொஞ்சம் கொஞ்சமா கம்மி ஆகுது, பாருங்க. மாத்திரையை ஏத்தறேன். ஆறு மாசத்துல திரும்ப வாங்க" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "லிமிட்டுக்குள்ளதான மேடம் இருக்கு? காய்ச்சலும் இப்ப வர்றதில்ல. மாத்திரை குடுத்துட்டுதான் இருக்கோம், வுடுங்க." ஒரு இரும்புத் துண்டுக்கு நான் காட்டிய அக்கறையை உனக்குக் காட்டவில்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். அன்றைக்கு இதயப் பிரிவுக்கு வெளியே, உன் பெயரைக் கூப்பிடுவதற்காகக் காத்திருந்தபோது, பேரிகையில் நம் நிலத்துக்குப் பக்கத்து நிலத்துக்காரர் தன் மாமனாரோடு வந்து சேர்ந்தார். என்னைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், தலைக்கு மேலே இருந்த போர்டைப் பார்த்தார். "யாருக்குங்க, பையனுக்கா?" என்றார். "சேச்சே, எனக்குத்தான், பி.பி. பாக்கலாம்னு" என்றேன். உடனே நர்ஸ் வெளியே வந்து உன் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டாள். நீ எழுந்தாய். உன் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். நாலு தரம் கூப்பிட்டாள். நாலு தரமும் உன் தோளை அமுக்கிக்கொண்டிருந்தேன். அவர் போன பிறகு கடைசி ஆளாகத்தான் உள்ளே போனோம். ஊருக்குள் 'ஹார்ட்டு பையன்' என்று ஒரு பெயர் விழுந்துவிட்டால் அப்புறம் அது நம் வீட்டு முகவரி மாதிரி ஆகிவிடும் என்று எனக்குத் தெரியும். நாளைக்கு உனக்கு யார் பெண் கொடுப்பார்கள், எந்தக் கம்பெனி மெடிக்கலில் உன்னைப் பாஸ் பண்ணுவார்கள் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். அத்திப்பள்ளி தாண்டுவதற்குள் முடிவு எடுத்துவிட்டேன், இனிமேல் அந்த ஆஸ்பத்திரிப் படி ஏறுவதில்லை என்று. உன் நோயை விட உன் நோயின் பெயருக்குத்தான் அதிகம் பயந்தேன்.

மாத்திரையை நான் நிறுத்தவில்லை, அதை மட்டும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆனால் டாக்டரைப் பார்க்காமல் மாத்திரை வாங்குவது எப்படி? ஏற்றி எழுதிய புதுச் சீட்டு அந்த ஆஸ்பத்திரி மருந்துக் கடையிலேயே தங்கிவிட்டது. என்னிடம் இருந்தது முதல் சீட்டு. பத்து வயசில், முப்பது கிலோ கூட இல்லாத பிள்ளைக்கு எழுதியது. அதை வைத்து, தெரிந்த மெடிக்கல் ஷாப்பில், நீ டிப்ளமோ முடிக்கும் வரைக்கும் அதே அளவில் வாங்கிக் கொடுத்தேன். ஹாஸ்டலிலிருந்து வரும்போது, மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்துது, படுத்தால் அதிகமாகுது, குனிந்து உட்கார்ந்தால்தான் தேவலை என்று சொல்வாய். "மெஸ் சாப்பாடு, கேஸு" என்று நான் சொன்னேன். உன் அம்மா, "மாமா, அந்தம்மாகிட்ட ஒருக்கா போயிட்டு வந்துடலாம்" என்றாள். "நீ சும்மா இரு, உனக்கு என்ன தெரியும்" என்றேன். காலண்டரில் சுழி போட்டு நோயைக் கண்டுபிடித்தவளைப் பார்த்துச் சொன்ன வார்த்தை அது. கம்பெனி மெடிக்கலில், இதய நோய் உண்டா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதச் சொன்னேன். நீ எழுதினாய். உனக்கே அது பொய் என்று தெரியாது.

இனி நான் மறைத்தது. இதை நீ முதல் முறையாகப் படிக்கிறாய். அந்த டாக்டரம்மா, முதல் நாளே, அந்த இரட்டைக் கோட்டின் மேல் பேனாவை வைத்துக்கொண்டு என்னிடம் ஒன்று சொன்னார். "பையன் பெரியவன் ஆனா, சொந்தத்துல மட்டும் மதுவே பண்ணாதீங்க. அவனுக்கு வர்ற பெண்ணும் அதே வீட்டு ரத்தமா இருந்தா, குழந்தைக்கு வர சான்ஸ் ரொம்ப ஜாஸ்தி." உன் அம்மா அப்போது உன்னை பாத்ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். வெளியே வந்து அவளிடம் கூட சொல்லவில்லை.

வேலையில் சேர்ந்த ஒரு வருஷத்தில் நீ ஒரு பெண்ணைப் பற்றி அம்மாவிடம் சொன்னாய். உன் கம்பெனியிலேயே வேலை, மதுரைப் பக்கத்துக் குடும்பம். நல்ல பெண்ணாகத்தான் இருந்திருப்பாள். நான் குதித்தேன். அந்த ஊர்ப் பழக்கம் வேற, நம்ம பழக்கம் வேற என்றேன். ஜாதகம் என்றேன், அக்கா மனசு உடைஞ்சிடும் என்றேன். அதெல்லாம் பொய். வெளியில் பெண் எடுத்தால் பையன் ஏன் தினமும் மாத்திரை சாப்பிடுகிறான் என்று கேட்பார்கள். ஆஸ்பத்திரிப் பேப்பரைக் கேட்பார்கள். சொந்தத்தில் எடுத்தால் யாரும் கேட்க மாட்டார்கள், நம்ம பையன்தானே என்று விட்டுவிடுவார்கள். உன் மாமன் மகள் மஞ்சு இருந்தாள். உன் நோயை மூடி வைக்க நான் தேர்ந்தெடுத்த மூடி அவள். எந்தக் கல்யாணம் நடக்கவே கூடாது என்று ஒருத்தர் என் முகத்துக்கு நேரே சொன்னாரோ, அந்தக் கல்யாணத்தைப் பத்திரிகை அடித்து, பந்தல் போட்டு, நானே முன்னால் நின்று நடத்தினேன். நிவிக்கு நாலு வயசில் முதல் காய்ச்சல் வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் சுருண்டபோது, எல்லோரும் வைரல் ஃபீவர் என்றார்கள். எனக்கு அந்த நிமிஷமே தெரியும். நீயும் மஞ்சுவும் சந்தோஷமாக இருக்கிறீர்கள், அவள் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. அதனால்தான் சொல்கிறேன், இந்தக் கடிதத்தை அவளிடம் காட்டு. இன்னொரு குழந்தை வேண்டும் என்று நினைத்தால், முதலில் டாக்டரிடம் பேசிவிட்டு இரண்டு பேரும் முடிவு எடுங்கள். அவளைக் கட்டி வைக்கும்போது அவளிடம் கேட்காததை இப்போதாவது கேளுங்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீ கம்பெனியில் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாய், கால் வீங்கியிருந்தது, வயிறு உப்பியிருந்தது. பெங்களூரில் ஸ்கேன் பார்த்தவர்கள் இதயத்தின் உறை தடித்து, கெட்டியாகி, இதயத்தை விரிய விடாமல் இறுக்கிப் பிடித்திருக்கிறது என்றார்கள். திறந்து அந்த உறையை உரித்து எடுத்தார்கள். சதையும் களைத்துவிட்டது, அது பழையபடி வராது என்றார்கள். ஆபரேஷன் செய்த டாக்டர் வெளியே வந்து, "சின்ன வயசுல யாருமே பாக்கலையா?" என்று கேட்டார். உன் அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்த பிறகு பீரோவில் அந்தப் பழைய ஃபைலை நீயே தேடி எடுத்தாய். மூன்று ரிப்போர்ட்டையும் கட்டிலில் பரப்பி வைத்தாய், நானே ஒரு காலத்தில் டாக்டர் மேஜையில் பார்த்த அதே வரிசையில். பன்னிரண்டு வயசுக்குப் பிறகு ஒரு தாள் கூட இல்லை. "மீதி எங்கப்பா?" என்றாய். அன்றைக்கு நீ பேச்சை நிறுத்தியது நியாயம்தான். இந்தக் கடிதம் அதை மாற்ற எழுதப்படவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். என்னால் இத்தனை பட்ட நீ, உன் பிள்ளை விஷயத்தில் நான் செய்ததையே ஏன் செய்கிறாய்? எனக்குப் பதில் தெரியும். பயம். உன் நெஞ்சைத் திறந்தார்கள். அவளுடையதிலும் ஏதாவது இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பயம். பார்க்காத வரைக்கும் ஒன்றும் இல்லை என்று இருக்கலாம். என் பயம் ஊரைப் பார்த்து வந்தது, உன்னுடையது பாசத்தில் வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். பிள்ளையின் இதயத்துக்கு இரண்டும் ஒன்றுதான். மனுஷன் பயப்படும்போது பயமாக இருக்கிறது என்று சொல்ல மாட்டான். 'இப்ப என்ன அவசரம்' என்பான், 'புனே போய்ப் பாத்துக்கலாம்' என்பான். நான் பதினைந்து வருஷம் பாத்துக்கலாம் என்றவன். அந்த வார்த்தை எங்கே கொண்டுபோய் விடும் என்று உனக்குச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது, வேறெதற்கும் இல்லாவிட்டாலும்.

இப்போது இரண்டாவது விஷயம். மூன்று வாரத்துக்கு முன்னால், நீயும் மஞ்சுவும் புனேவில் வீடு பார்க்கப் போனபோது நிவியை எங்களிடம் விட்டுவிட்டுப் போனீர்கள். சனிக்கிழமை காலையில் அவளை மெட்ரோ ரயிலில் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லி பெங்களூருக்கு அழைத்துப் போனேன். மெட்ரோவிலும் ஏறினோம், அது மட்டும் பொய் இல்லை. பிறகு ஆஸ்பத்திரி. உன் பழைய டாக்டரம்மா இப்போது அங்கே இல்லை, அவருடைய இடத்தில் சின்ன வயசு டாக்டர் ஒருத்தர். அப்பா அம்மா எங்கே என்றார். வெளியூரில் இருக்கிறார்கள், அவர்கள்தான் அனுப்பினார்கள் என்றேன். ஆக, உன் பெயரிலும் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். உன்னைக் கேட்காமல் உன் பிள்ளையைத் தொட்டது தப்பு. கேட்டிருந்தால் விட்டிருக்க மாட்டாய். இரண்டு தப்பில் ஒன்றைத்தான் என்னால் தேர்ந்தெடுக்க முடிந்தது.

நிவி அழவே இல்லை. நெஞ்சில் அந்த வழவழப்பான ஜெல்லைத் தடவியதும் கூச்சத்தில் சிரித்தாள். ஸ்கிரீனில் பார்த்துவிட்டு, "தாத்தா, அது என்ன, மீன் மாதிரி வாய வாய தொறக்குது?" என்றாள். "அதான் கண்ணு உன் ஹார்ட்டு" என்றேன். "அதுக்குப் பசிக்குதா?" என்றாள். எக்கோ எடுத்த பெண் சிரித்துவிட்டாள். பிறகு அந்தப் பெண் சிரிப்பதை நிறுத்திவிட்டு, ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப அளந்தாள். எனக்கு அந்த முகம் தெரியும். ஒரு அளவு சரியில்லை என்றால் மறுபடி மறுபடி வைத்துப் பார்க்கும் முகம் அது, முப்பத்தொரு வருஷம் என் முகமும் அப்படித்தான் இருந்தது.

டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். சாதாரணமாகப் பார்த்தால் எல்லாம் நார்மல். உறையில் தண்ணீர் இல்லை, தடிப்பு இல்லை. ஆனால் சதை சுருங்குவதைத் தனியாக அளந்ததில், அவள் வயசுக்கு இருக்க வேண்டியதை விடக் கொஞ்சம் குறைவு. ரத்தத்தில் உள்ளே எரிச்சல் இருப்பதற்கான அடையாளமும் இருக்கிறது, காய்ச்சல் இல்லாமலே. இந்த மாத்திரை அளவு அவளுக்குப் போதவில்லை. ஏற்ற வேண்டும், அதற்கும் அடங்காவிட்டால் ஊசி மருந்து இருக்கிறது, குறிப்பிட்ட இடைவெளியில் இதயத்தை அளந்துகொண்டே வர வேண்டும். "இது ரொம்ப ஆரம்பம். இப்பவே கூட்டிட்டு வந்தது நல்லதாப் போச்சு. எல்லாரும் மூச்சு வாங்க ஆரம்பிச்ச பிறகுதான் வர்றாங்க. நீங்க நல்ல தாத்தா" என்றார். என் வாழ்க்கையில் என்னை யாரும் இவ்வளவு கேவலமாகத் திட்டியதில்லை. மருந்தை மாற்ற அப்பா அம்மா இரண்டு பேரும் வந்தாக வேண்டும், அவர்களிடம்தான் பேசுவேன் என்று சொல்லிவிட்டார். வரும் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நேரம் கொடுத்திருக்கிறார். புனேவில் யாரிடம் காட்டுவது என்று அவரே எழுதித் தருவார். ரிப்போர்ட் இந்தக் கவருக்குள்ளேயே இருக்கிறது. நான் வரமாட்டேன். வம்சத்தைப் பற்றிக் கேட்பார். எல்லாவற்றையும் சொல். தெரிந்தே செய்தது யார் என்று கேட்டால் என் பெயரைச் சொல்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம். என் மடியில் உட்கார்ந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். அத்திப்பள்ளி வந்ததும் தலையைத் தூக்கி, தன் தொண்டைக்குக் கீழே விரலை வைத்து நேராகக் கீழே இழுத்துக் காட்டி, "தாத்தா, எனக்கும் அப்பா மாதிரி இங்க கோடு போடுவாங்களா?" என்றாள். நீ மறைத்து மறைத்துத்தான் சட்டை மாற்றுகிறாய். அவள் பார்த்திருக்கிறாள். ஆறு வயசுப் பிள்ளை அதை எத்தனை நாளாக மனசில் வைத்திருந்தாளோ, யாரிடமும் கேட்காமல்.

"இல்ல சாமி, போடமாட்டாங்க" என்றேன்.

"ப்ராமிஸா?"

"ப்ராமிஸ்."

அவள் நம்பிவிட்டாள். சாய்ந்துகொண்டு தூங்கிவிட்டாள். உனக்குப் பெண் கொடுத்தவர்களிடம், உன் கம்பெனியிடம், உன் அம்மாவிடம், உன்னிடம் என்று நான் சொன்ன பொய்கள் எல்லாம் என்ன ஆயின என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும். அந்தப் பிள்ளையிடம் சொன்னது பொய்யா இல்லையா என்று எனக்கே தெரியாது. அதை முடிவு பண்ணுவது நீதான். என்னை மன்னிக்க வேண்டாம், புனேவிலிருந்து போன் பண்ண வேண்டாம், நான் செத்தால் வர இஷ்டம் இல்லையென்றால் வரவும் வேண்டாம். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போடா.

அப்பா